நாற்பத்து மூன்று பிடியரிசி டப்பா

வண்டியில் போனவர்கள் நான்கு பேர்.

சாமுவேல். எல்லாரும் தம்பி என்றுதான் கூப்பிடுவோம். வயது நாற்பத்தொன்று. கம்போடியாவில் பதினோரு வருஷமாக மிஷனரி. அந்த நாட்டுக் கிராமம் ஒன்றில் சபை உண்டாக்க எங்கள் மூன்று ஊர்ச் சபைகளும் சேர்ந்து அனுப்பியவர். மனைவியும் மகளும் அங்கேயே இருக்க, இவர் மட்டும் கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தார்.

ஜெயசீலன் சார். ஓய்வு பெற்ற வாத்தியார். மிஷன் கமிட்டிச் செயலாளர்.

முருகேசன். சொந்தமாகக் குட்டியானை வைத்து ஓட்டுகிறார். சின்ன லோடு வண்டி. கண்ணாடிக்குக் கீழே முருகன் படம். எங்கள் அரிசிக்கு ஐந்து வருஷமாக இவர்தான் வருகிறார்.

நான்காவது நான், பாக்கியம். நத்தக்கரை. அரிசி அள்ளுகிறவள்.

அரிசி என்றால் பிடியரிசி. உலை வைக்கும்போது களைவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்து டப்பாவில் போடுவது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நான் போய்ச் சாக்கில் கொட்டிக்கொண்டு டப்பாவை வீட்டிலேயே கொடுத்துவிட்டு வருவேன். ரேஷன் அரிசியும் பொன்னியும் கலந்து கிடக்கும். சோற்றுக்கு ஆகாது. மன்னார்குடியில் இட்லி மாவு அரைக்கிறவர் எடுத்துக்கொள்வார். அந்தப் பணம்தான் கம்போடியாவுக்குப் போகிறது.

டப்பா மொத்தம் நாற்பத்து மூன்று. அதற்குக் காரணம் ஒரு போட்டோ. ஆறு வருஷத்துக்கு முன் சாமுவேல் அங்கே தகரக் கொட்டகை போட்டு ஜெபவீடு திறந்தார். அன்றைக்கு எடுத்த போட்டோவை சாரின் போனுக்கு அனுப்பினார். சார் அதில் இருந்த தலைகளை எண்ணி நம்பர் போட்டார். நாற்பத்து மூன்று. பிளெக்ஸ் அடித்து மூன்று ஊர்க் கோயிலிலும் மாட்டினார். ஒரு தலைக்கு ஒரு வீடு. அந்த வீடு அந்த ஆளுக்காக ஜெபிக்கவும் வேண்டும், அரிசியும் எடுக்க வேண்டும். டப்பா மேல் நம்பர்ச் சீட்டு ஒட்டியிருக்கும். என் டப்பா ஒன்பது. சிவப்புச் சட்டை போட்ட பெண், வலது ஓரம்.

போன வருஷத்திலிருந்து ஊர்களில் சலிப்பு. சில வீடுகள் அரிசி குறைத்தன. இந்தத் தடவை சாமுவேலையே அழைத்துப்போய்க் காட்டுவது, நிறுத்துகிற வீடு டப்பாவைத் திருப்பிக் கொடுக்கட்டும், பாதிக்கு மேல் திரும்பிவிட்டால் சாமுவேலைக் குடும்பத்தோடு ஊருக்கே கூப்பிட்டுக்கொள்வது என்று கமிட்டியில் முடிவு செய்தார்கள். அதற்காகத்தான் இந்தப் பயணம். போகாதவர்களுக்குத் தெரியட்டும் என்று சபைப் பத்திரிகைக்கு எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன்.

தை மாதம், செவ்வாய்க்கிழமை. காலை 6.40.

மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில் டீ, பன்னிரண்டு ரூபாய். சார் முன்னால் உட்கார்ந்தார். நானும் சாமுவேலும் பின்னால் வெறும் சாக்கு மேல். சேந்தங்கரை ஒன்பது கிலோமீட்டர். வழி முழுக்க அறுப்பு மிஷின். ரோட்டில் பாதிக்கு நெல் காயப் போட்டிருந்தார்கள். முருகேசன் மீதிப் பாதியில் ஊர்ந்தார்.

"அங்கயும் இப்படித்தான் தம்பியா?" என்று கேட்டேன்.

"இப்படித்தான்க்கா. ரோட்டுலதான் காயும். வைக்கோல் வாசனைகூட இதே வாசனைதான்."

சாக்கில் சாய்ந்துகொண்டார். தூங்காத கண்.

7.30. சேந்தங்கரை. பதினான்கு வீடு. எல்லாரும் கோயிலுக்குள் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். சார் பிளெக்ஸைக் காட்டி, "நாற்பத்து மூன்று ஆத்துமாக்கள்" என்றார். எஸ்தர் எழுந்தாள். பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுகிறவள். அவளுடைய ஆள் பதினேழு. நீலத் தொப்பி.

"எங்க பதினேழு எப்படி இருக்காரு தம்பி?"

சாமுவேல் பிளெக்ஸைப் பார்த்தார். "நல்லா இருக்காருங்க."

"குடிய விட்டாரா?"

"குடிக்கிறாருன்னு யாரு சொன்னா?"

"மூஞ்சிய பாத்தா தெரியலையா? எங்க வீட்டுலயும் ஒன்னு கெடக்கு. அதே மூஞ்சி."

எல்லாரும் சிரித்தார்கள். எஸ்தரின் புருஷனும் சிரித்தான். சாமுவேல் சிரிக்கவில்லை. "குறைச்சிருக்காரு" என்றார்.

இன்னொருத்தி தன் இருபத்திரண்டுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டாள். ஆயிற்று என்றார். ஆம்பளைகள் அங்கே எத்தனை போகம், மூட்டை என்ன விலை, தண்ணி ஆற்றிலிருந்தா போரிலிருந்தா என்று கேட்டார்கள். அதற்கெல்லாம் சாமுவேல் தடங்கல் இல்லாமல் பதில் சொன்னார். ஒரு டப்பாவும் திரும்பவில்லை. இட்லி கொடுத்தார்கள்.

11.15. மேலப்பூவனம். மன்னார்குடிக்குத் திரும்பி வந்து நீடாமங்கலம் ரோட்டில் பதினோரு கிலோமீட்டர். பதினாறு வீடு. இங்கும் அதே பேச்சு. நாற்பது நல்லா இருக்கு. ஐந்து நல்லா இருக்கு. பன்னிரண்டு நல்லா இருக்கு. நான் வாசலில் அரிசி கொட்டினேன். ஒன்றும் திரும்பவில்லை. சாருக்குச் சந்தோஷம். மத்தியானச் சாப்பாடு அங்கேயே. சாமுவேல் பாதி இலையில் எழுந்துவிட்டார்.

3.05. நீடாமங்கலம் ரயில் கேட். மூடிக்கிடந்தது. ஒரு கூட்ஸ் போயிற்று. திறக்கவில்லை. இன்னொன்று வரவேண்டும் என்றார்கள். முப்பத்தைந்து நிமிஷம் வெயிலில் நின்றோம். முன்னால் வைக்கோல் டிராக்டர், பின்னால் பஸ். வெள்ளரிப் பிஞ்சு விற்றார்கள். யாரும் வாங்கவில்லை.

"அக்கா, உங்க டப்பா என்ன நம்பர்?" என்று சாமுவேல் கேட்டார்.

"ஒன்பது."

அவர் தண்டவாளத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

4.10. நத்தக்கரை. கேட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர். என் ஊர். பதின்மூன்று வீடு. எல்லாரும் கை கால் கழுவிக்கொண்டு வந்தார்கள். சார் அதே பேச்சைத் தொடங்கினார். ரோஸ்மேரி குறுக்கே கேட்டாள். ரோஸ்மேரி என் ஓரகத்தி. அவளுடைய ஆள் முப்பத்தொன்று. போட்டோவில் ஒரு காலில் பெரிய கட்டுப் போட்டு நிற்பவர்.

"தம்பி, முப்பத்தொன்னுக்குக் கால் ஆறிடுச்சா?"

சாமுவேல் பாயில் உட்கார்ந்துவிட்டார்.

"தெரியாதும்மா. அவர் சபை ஆளு இல்ல. அன்னிக்குப் பந்தல் போட வந்தவரு. அதுக்கப்புறம் நான் அவரைப் பாக்கவே இல்ல."

ரோஸ்மேரி பிளெக்ஸைத் திரும்பிப் பார்த்தாள்.

சார், "தம்பி அலைச்சல்ல என்னமோ சொல்றாரு" என்றார்.

"சார், நீங்க சும்மா இருங்க" என்றாள் ரோஸ்மேரி. "பந்தல்காரனா? ஆறு வருஷமா பந்தல்காரனுக்கா முழங்கால் போட்டேன்?"

வாசலில் நின்ற முருகேசன் சிரித்துவிட்டுத் துண்டால் வாயைப் பொத்தினார்.

"மத்தவங்க?" என்றாள் அவள்.

"அன்னிக்கு விருந்தும்மா. ஊரே வந்துச்சு. நான் சும்மா பாக்கறதுக்குத்தான் போட்டோ அனுப்பினேன். சாரு நம்பர் போட்டு எனக்கே திருப்பி அனுப்பினாரு. அதுக்குள்ள இங்க நாப்பத்திமூணு வீட்டுல அரிசி எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் எனக்கு வாய் வரல."

"அந்தப் பதினேழு?" என்று நான் கேட்டேன்.

"பக்கத்து வயக்காரரு. வருஷத்துல ஒரு நாள் வருவாரு."

ரோஸ்மேரி உள்ளே போனாள். ஞாயிறு பள்ளிப் பெட்டியிலிருந்து ஸ்கெட்ச் பேனா எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள். "இருக்கறவங்களுக்கு மட்டும் டிக் போடுங்க."

சாமுவேல் எழுந்து பிளெக்ஸ் பக்கம் போனார். மூன்று. எட்டு. பதினொன்று. பதினான்கு. வலது ஓரத்துக்கு வந்தபோது நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பேனா ஒன்பதைத் தாண்டிப் போயிற்று. இருபத்தாறு. இருபத்தேழு. முப்பத்தெட்டு. பேனாவை மூடினார்.

ஏழு.

என் பக்கம் திரும்பினார். "உங்க ஒன்பது ரெண்டு வருஷம் வந்துச்சுக்கா. நல்லாப் பாடும். அப்புறம் தாய்லாந்துக்கு வேலைக்குப் போயிடுச்சு. போன் இல்ல."

"பேரு?"

"ஸ்ரேமௌ."

ஆறு வருஷமாக ஒன்பது என்றுதான் சொல்லி ஜெபித்தேன்.

ரோஸ்மேரி வீட்டுக்குப் போய் டப்பாவைக் கொண்டுவந்து வண்டியில் வைத்தாள். இன்னும் மூன்று பேர் வைத்தார்கள்.

"இனிமே அவனுக்கு ஜெபம் பண்ண மாட்டியா?" என்று கேட்டேன்.

"அது பாட்டுக்குப் பண்ணுவேன். கால் ஆறாம எப்படி விடுறது? அரிசி கெடையாது. அவ்வளவுதான்."

சாமுவேல் அன்றைக்குக் கோயிலிலேயே படுத்தார். சாப்பாடு கொடுத்தனுப்பினேன். சாப்பிட்டிருந்தார்.

புதன்கிழமை. காலை 6.15.

சார் மன்னார்குடிக்குப் போகலாம் என்றார். சாமுவேல் மாட்டேன் என்றார்.

"அந்த ரெண்டு ஊர்லயும் சொல்லிட்டுத்தான் சார் போவேன்."

"தம்பி, பதின்மூணுல நாலுதான் திரும்பியிருக்கு. மத்த ரெண்டு ஊரும் சம்மதிச்சாச்சு. நீங்க நிம்மதியாத் திரும்பிப் போகலாம். உங்க வீட்டம்மா அங்க தனியா இருக்காங்க. போய்ச் சொல்லி எல்லாத்தையும் கெடுத்துக்கப் போறீங்களா?"

"ஆமா சார்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "நம்பர் போட்டது நான்தான். சரி, போவோம்."

இரண்டாவது நாள் வாடகை பேசியிருக்கவில்லை. முருகேசன் டீசல் மட்டும் போதும் என்றார். கேட்டில் மறுபடி நின்றோம். இருபது நிமிஷம். முருகேசன் இறங்கிப் பின்னால் வந்தார்.

"பதினோரு வருஷத்துல ஏழு பேருங்களா?"

"ஆமாண்ணே."

"நானும் பதினோரு வருஷமா வண்டி ஓட்டுறேன். என்னையும் நம்பி மாறாம வர்றவங்க ஏழு, எட்டுதான். அதுல ஒன்னு இந்த அக்கா. வண்டிய விக்கலையே."

சாமுவேல் சிரித்தார். இரண்டு நாளில் அப்போதுதான் பார்த்தேன். மேல் வரிசையில் ஒரு பல் இல்லை.

8.20. மேலப்பூவனம். இங்கே கஷ்டமாகப் போயிற்று. சாமுவேல் நின்றுகொண்டே சொன்னார். நம்பர் போட்டது தன் தப்பு என்று சார் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை.

"நேத்து இங்கயே ஒக்காந்து சாப்புட்டுட்டு, நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு சொன்னீங்களே" என்றார் ஒருத்தர். கரண்டு ஆபீஸில் வேலை பார்க்கிறவர். "இன்னிக்கு என்ன திடீர்னு?"

"நேத்து சொன்னது பொய்ங்க."

"அப்ப ஆறு வருஷமும்?"

"சும்மா இருந்தேன். அதுவும் பொய்தான்."

பெண்கள் பேசாமல் எழுந்து போனார்கள். டப்பா ஒவ்வொன்றாக வந்தது. நான் வாங்கி அடுக்கினேன். பதினொன்று. ஒருத்தி கொடுக்கும்போது அழுதாள். அவளுடைய ஆள் எட்டு. டிக் போட்ட ஆள். மாமனார் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். தண்ணி கேட்டோம், கொடுத்தார்கள். காபி இல்லை.

இதோடு பதினைந்து. சேந்தங்கரையில் ஏழு திரும்பினால் பாதி தாண்டிவிடும். வண்டியில் யாரும் கணக்கைச் சொல்லவில்லை. நாலு பேருக்கும் தெரியும். மன்னார்குடியில் டீ குடிக்க நிறுத்தினார்கள். சாமுவேல் இறங்கவில்லை. போனில் மகள் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு ஒன்பது வயசு. தமிழ் புரியும், பேச மாட்டாள் என்று சொன்னார்.

11.40. சேந்தங்கரை. நடவாளுகள் மாதிரி வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். செய்தி போனில் முன்னாலேயே வந்துவிட்டது. சாமுவேல் சொல்லி முடித்தார். பிளெக்ஸில் ஏழு டிக் போட்டார். மூன்று டப்பா உடனே வந்தது. நாலாவது யோசித்து வந்தது.

எஸ்தர் கடைசியில் எழுந்தாள். டப்பா அவள் இடுப்பில் இருந்தது.

"பதினேழு கோயிலுக்கு வரமாட்டாரா?"

"வரமாட்டாருங்க."

"குடி?"

"குறைச்சிருக்காருன்னு சொன்னது பொய். தெனமும் குடிக்கிறாரு."

"நான்தான் சொன்னேனே." அவள் மற்றவர்களைப் பார்த்தாள். "மூஞ்சியப் பாத்தே சொன்னேனா இல்லையா?"

புருஷன் தலையைக் குனிந்துகொண்டான்.

"போய் அந்த ஆளப் பாருங்க தம்பி. பக்கத்து வயல்தான? வருஷத்துல ஒரு நாளு அவரு வருவாருன்னு சொல்றீங்க. நீங்க எத்தன நாளு அவரு வீட்டுக்குப் போனீங்க?"

சாமுவேல் பிளெக்ஸில் பதினேழைப் பார்த்தார்.

"அத எனக்கு எழுதுங்க. நல்லா இருக்காருன்னு எழுதாதீங்க."

டப்பாவை என் சாக்கில் கொட்டினாள். நேற்று நான் கொட்டிக்கொண்டு போனதற்கப்புறம் போட்டது இரண்டு பிடிதான் இருக்கும். டப்பாவைத் திரும்ப இடுப்பில் வைத்துக்கொண்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள். அதற்கப்புறம் யாரும் டப்பா கொண்டுவரவில்லை.

மாலை 5.00. மன்னார்குடி ரயிலடி. ராத்திரி வண்டியில் மெட்ராஸ் போய், அங்கிருந்து விமானம். சார் கை கொடுத்தார். அவரும் களைத்துப்போயிருந்தார். அடுத்த கமிட்டியில் பிளெக்ஸைக் கழற்றச் சொல்வேன் என்றார். சாமுவேல் வேண்டாம் என்றார். "பேரு எழுதி அனுப்புறேன் சார். ஏழு பேருக்கு மட்டும். மத்தவங்க அங்கயே நிக்கட்டும்."

என்னிடம், "அக்கா, உங்க டப்பா?" என்றார்.

"வீட்டுல இருக்கு."

"ஸ்ரேமௌ திரும்பி வருமான்னு தெரியாது."

"சரி தம்பி."

எட்டு மணி நேர ரயில், ஆறு மணி நேர விமானம், அதற்கப்புறம் நாலு மணி நேர பஸ் என்றார். இறங்கியதும் அங்கேயும் இதே மாதிரி வயல், இதே மாதிரி வரப்பு, கரையில் பனை. வித்தியாசம் என்ன என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். இங்கே வீட்டுக்கு வீடு கூப்பிட்டுச் சோறு போடுகிறார்கள், அங்கே ஏழு வீட்டில் போடுகிறார்கள் என்றார்.

நான் கடைசி டவுன் பஸ்ஸில் வந்தேன். கேட் திறந்திருந்தது.

மறுநாள் காலையில் உலை வைத்தேன். ஒரு பிடி எடுத்துப் போட்டேன்.

திரும்பி வந்த டப்பா நத்தக்கரையில் நாலு, மேலப்பூவனத்தில் பதினொன்று, சேந்தங்கரையில் நாலு. ஆகப் பத்தொன்பது. வீடுகளில் இருப்பது, என்னுடையதோடு, இருபத்து நான்கு.