வெட்டாத வீடியோ

துபாயில் இருக்கும் அண்ணன் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். அப்பாவின் நிலத்தில் போர்வெல் போடுவதை முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை வீடியோ எடுக்க வேண்டும், நடுவில் ஓரிடத்திலும் வெட்டு விழக் கூடாது. தண்ணீர் வந்தால் நிலம் அப்பாவிடமே இருக்கும். வராவிட்டால் மனை போடுகிற ஆளுக்கு விற்க அப்பா கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். அப்பாவும் சரி என்று சொல்லிவிட்டார்.

அண்ணனைக் குறை சொல்ல முடியாது. போன தடவை போர் போட்டபோது, "தண்ணி பீச்சியடிக்குது சாமி" என்று அப்பா போனில் சொன்னதை நம்பி மோட்டார், பைப் எல்லாவற்றுக்கும் பணம் அனுப்பினான். மோட்டார் கொஞ்ச நேரம் தண்ணீரை இழுத்தது, பிறகு காற்றை இழுத்தது. அப்பா பொய் சொல்லவில்லை, கொஞ்சம் முந்திக்கொண்டு சந்தோஷப்பட்டுவிட்டார். எங்கள் குடும்பத்தில் இரண்டுக்கும் ஒரே செலவுதான்.

நிலம் ராசிபுரத்துக்குத் தெற்கே. தென்னைகளில் பாதிக்கு இப்போது தலை இல்லை. நான் இருப்பது சேலம் ஃபேர்லேண்ட்ஸில். ஆன்லைனில் பட்டுச்சேலை விற்கிறவர்களுக்குப் படம் எடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. அதற்காக வாங்கிய மிரர்லெஸ் கேமராதான் இந்த வழக்குக்குச் சாட்சியாகப் போனது. செல்போனை வெயிலில் வைத்தால் சூடாகி அணைந்துவிடும். கேமராவிலோ ஒரு பேட்டரி இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது, மாற்றினால் வீடியோ வெட்டுப்படும். ஆகவே யு.எஸ்.பி. வழியாகக் கரண்ட் கொடுத்துக்கொண்டே ஓட்ட வேண்டும்.

முந்தின நாளே அப்பா வீட்டுக்குப் போய்ச் சோதித்துப் பார்த்தேன். என் போன் சார்ஜரைச் செருகியதும் திரையில் பிளக் படம் வந்தது. வேலை முடிந்தது என்று சமையலறைக்குள் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் பிளக் படம் அப்படியே இருக்கிறது, பேட்டரி மட்டும் இறங்கியிருக்கிறது! கேமரா அணைந்திருந்தால் அந்தச் சார்ஜர் பேட்டரியை மெதுவாகவாவது நிரப்பும். ஓடும்போது கேமரா கேட்பதை அதனால் கொடுக்க முடியாது, குறைவதைக் கேமரா சத்தமில்லாமல் பேட்டரியிலிருந்து எடுத்துக்கொள்ளும். இதை அப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்று நான் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே அவர் சொல்லிவிட்டார்.

"ஊத்து வாரது கம்மி, மோட்டாரு இழுக்கறது ஜாஸ்தி. அவ்ளோதானே சாமி?"

"அவ்ளோதானுங்கப்பா."

சேலத்துக்குத் திரும்பிப் போய், லேப்டாப்புக்குப் போடுகிற பெரிய சார்ஜரும் தடிமனான கேபிளும் வாங்கி வந்தேன். அதற்குப் பிறகு பேட்டரி எண் நூறிலேயே நின்றது. அப்பா அன்று சாயங்காலம் முழுக்க அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "எறங்கவே மாட்டேங்குது பாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். அந்தக் கம்பி வழியாகத்தான் கேமராவே ஓடுகிறது என்று அவருக்கு எண்ணம். உள்ளே பேட்டரியும் இருக்கிறது, கம்பியை எடுத்தாலும் கொஞ்ச நேரம் ஓடும் என்று நான் சொல்லவில்லை, அவர் கேட்கவுமில்லை.

மறுநாள் காலையில் போர்வெல் லாரி வந்தது. மோட்டார் ரூமிலிருந்து ஒயர் இழுத்து, எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஒரு கவிழ்த்த பக்கெட்டின் மேல் வைத்தேன். அது படத்தின் ஓரத்தில் தெரிந்தது. பரவாயில்லை, அண்ணன் கரண்டையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். கேமராவுக்கு மேலே ஒரு குடையைக் கட்டினேன். எனக்குக் குடை இல்லை.

மத்தியானம்வரை வெள்ளைப் புழுதி. பக்கத்துக் காட்டுக்காரர்கள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ராடு மேல் ராடாக இறங்கிக்கொண்டே இருந்தது. நான் அடிக்கடி போய்ப் பேட்டரி எண்ணைப் பார்த்தேன். அன்று அந்த நிலத்தில் குறையாமல் இருந்தது அது ஒன்றுதான்.

வெயில் சாயும்போது புழுதி கறுத்தது. பிறகு சேறாக வந்தது. பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர் எழும்பியது. அப்பா செருப்பை உதறிவிட்டு அதற்குள் போய் நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அம்மிணி, ஊட்டுக்கு ஓடி மஞ்சளும் சூடமும் எடுத்துட்டு வா!"

ஓடினேன். சூடம் எளிதில் கிடைக்கவில்லை, அம்மா போன பிறகு அந்த வீட்டில் எதுவும் இருந்த இடத்தில் இருப்பதில்லை. தேடி எடுத்துக்கொண்டு வந்து பார்த்தபோது குழியிலிருந்து மறுபடியும் புழுதி பறந்துகொண்டிருந்தது. அப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். ஈர வேட்டியில் புழுதி அப்பிக்கொண்டிருந்தது. கேமராவின் பிளக் பக்கெட்டுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தது.

"தண்ணி நின்னுருச்சு சாமி. யாரோ ஒயர்ல காலு பட்டுட்டாங்களாட்ட இருக்குது, கேமராவும் நின்னுபோச்சு" என்றார்.

கேமரா நிற்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவருக்குத் தெரியாமல் அதை அணைத்தேன்.

ஃபேர்லேண்ட்ஸுக்கு வந்துதான் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் எழும்புகிறது, அப்பா நனைகிறார், நான் ஓடுகிறேன். போர்வெல் ரிக் ஓட்டுகிறவர் அப்பாவிடம் வந்து, "இது நிக்காதுங்க, பாறை இடுக்குல தேங்குன தண்ணி" என்கிறார். அப்பா குழியைப் பார்க்கிறார். தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கிவிட்டது. அப்பா கேமராவைப் பார்க்கிறார். வேகமாக நடந்து வந்து, பக்கெட்டின் மேலிருந்த பிளக்கைப் பிடுங்கிக் கீழே போடுகிறார். கேமரா அணைந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டு, அதற்கு நேர் எதிரே உட்கார்ந்து, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுகிறார். நான் வரும்வரை அழுகிறார்.

வீடியோவைத் தண்ணீரோடு நிறுத்தி அனுப்பியிருக்கலாம். அதற்கு ஒரு நிமிட வேலைகூட இல்லை. ஆனால் அண்ணன் இன்னொரு மோட்டாருக்குப் பணம் அனுப்புவான், அதுவும் வறண்ட குழிக்குள் போகும். முழுவதையும் அனுப்பினேன். ஒரு நாள் புழுதியைக் கடைசிவரை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்ற நப்பாசையும் இருந்தது.

அண்ணன் பார்த்தான். எனக்குத்தான் முதலில் கூப்பிட்டான்.

"அப்பா பிளக்கப் புடுங்குனதப் பாத்தேன் பாப்பா. நான் பாத்தேன்னு அவருக்குத் தெரிய வேண்டாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூப்பிட்டான். நான் பக்கத்தில் இருந்தேன், ஸ்பீக்கரில் கேட்டது.

"வீடியோ பாத்தனுங்கப்பா. தண்ணி நல்லா வந்திருக்குதுங்க."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆனா வித்தறலாங்கப்பா. எனக்கு அங்க வந்து காடு பாக்கற எண்ணமில்லீங்க."

"தண்ணி வந்தா விக்க வேண்டாம்னு நீதானே சாமி சொன்ன?"

"சொன்னனுங்க. மனசு மாறிருச்சுங்கப்பா."

அப்பா போனை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார். ஒரு மாதம் கழித்துக் கையெழுத்துப் போட்டார், அதிலிருந்து அண்ணனோடு பேசுவதில்லை. அவன் கூப்பிட்டால் போனைத் திருப்பி வைத்துவிடுகிறார். தண்ணீர் வந்த நிலத்தை, பெற்ற மகனே விற்கச் சொல்லிவிட்டான் என்று விசேஷ வீடுகளில் எல்லோரிடமும் சொல்கிறார். சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பிவிட்டாரோ என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் முடியாது. கேட்டால் அந்த அழுகையை நாங்கள் இருவரும் பார்த்துவிட்டோம் என்று சொன்னது போலாகும்.

போன வாரம் ஒரு கல்யாணத்தில் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கண்ணனுக்கு மனசு கல்லா கண்ணு?" என்று கேட்டார். அப்பா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"ஆமாங்க பெரிம்மா" என்றேன்.