இரண்டு பெருவிரல் வைத்த கிளவுஸ்

பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி வீட்டில் நானும் மகளும் இருக்கிறோம். அவளுக்கு நாற்பது வயதாகப் போகிறது. டோர்வல் விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றி இறக்குகிற வேலை. கோடை வந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலைக்குப் போகிற பெண்கள் சேர்ந்து பேஸ்போல் விளையாடுவார்கள். அதில் இவள்தான் பந்து எறிகிறவள். பதினொரு கோடையாக எறிகிறாள், நான் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குக் கையை எங்கே வைப்பது, கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாது. வீட்டில் இருந்து அவளுடைய உடுப்பில் படிந்த செம்மண்ணைத் தோய்த்துக் கொடுப்பதோடு என் பங்கு முடிந்துவிடும்.

போன கோடையில் அவளுடைய அணி முதல்முறையாகக் கடைசி ஆட்டம் வரைக்கும் வந்திருந்தது. பதினொரு வருசமாகக் கேட்டுக் கேட்டு எனக்கும் அந்தக் கோப்பையில் ஒரு ஆசை வந்துவிட்டது. ஞாயிறு பின்னேரம் இரண்டு மணிக்கு ஆட்டம். சனிக்கிழமை அவள் வேலைக்குப் போகும்போது, எண்ணெய் பூசிய, பந்து பிடிக்கிற கிளவுஸைக் காயட்டும் என்று குசினிக் கதிரையில் வைத்துவிட்டுப் போனாள். மற்ற நாட்களில் அது காருக்குள்தான் கிடக்கும். அன்றுதான் நான் அதைக் கிட்ட வைத்துப் பார்த்தேன்.

அதற்கு இரண்டு பெருவிரல் இருந்தது. நடுவில் நாலு விரல், இந்தப் பக்கம் ஒரு பெருவிரல், அந்தப் பக்கம் ஒரு பெருவிரல்.

நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஏனென்று சொல்ல வேண்டும். இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த நாளிலிருந்து கண் மங்கும் வரைக்கும் நான் வேலை செய்தது ஒரு கிளவுஸ் தொழிற்சாலையில். பனிக்காலத்துத் தோல் கிளவுஸ். ஒருத்தி விரல்களைத் தைப்பாள், ஒருத்தி உள்துணி வைப்பாள், நான் பெருவிரல் வைப்பேன். இருபத்திரண்டு வருசம் பெருவிரல் மட்டும். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அங்கே பாஷை தேவைப்படவில்லை, விரல் இருந்தால் காணும். கிளவுஸில் கஷ்டமான இடம் அதுதான். தோலை வளைத்துச் சுருக்கம் விழாமல் கொண்டுவர வேண்டும். ஒருமுறை புதிதாக வந்த பிள்ளை ஒன்று, நான் பெருவிரல் வைத்து முடித்த துண்டை எடுத்து மற்றப் பக்கத்திலும் பெருவிரல் வைத்துவிட்டது. மேற்பார்வைக்காரி அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேசை மேசையாகக் காட்டினாள். அந்தப் பிள்ளை அழுதது இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

ஆகவே கதிரையில் கிடந்ததைக் கண்டதும் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. பழுதான சாமானை என் பிள்ளையின் தலையில் கட்டிவிட்டார்கள். கடைசி ஆட்டத்துக்கு இதோடு போய் நின்றால் எல்லாரும் சிரிப்பார்கள். நான் அதை என் இடக்கையில் போட்டுப் பார்த்தேன். தொலைக்காட்சியில் எல்லாரும் அந்தக் கையில்தான் போடுவார்கள். சின்னவிரல் பக்கம் இருந்த பெருவிரல் சும்மா ஆடிக்கொண்டு நின்றது.

அதை எடுத்துவிட்டேன். தோல் வாரைக் கழற்றி, தையலைப் பிரித்து, பிரிய மறுத்த இடத்தில் கத்தரித்து, வாயை மெழுகு நூலால் மூடித் தைத்தேன். தடவிப் பார்த்தால் அங்கே ஒன்று இருந்ததே தெரியாது. இத்தனை வருசத்துக்குப் பிறகும் கை மறக்கவில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. வெட்டிய பெருவிரலை பிஸ்கட் பேணிக்குள் பொத்தான்களோடு போட்டு வைத்தேன். தோலை எறிந்து பழக்கமில்லை. அவள் களைத்து வந்து படுத்துவிட்டாள். நானும் சொல்லவில்லை. காலையில் தானாகக் காணட்டும் என்று விட்டுவிட்டேன்.

காலையில் கண்டாள்.

"அம்மா, இதிலை இருந்த மற்றப் பெருவிரல் எங்கை?"

"அதை எடுத்துவிட்டன் பிள்ளை. ஆரோ பிழையா இரண்டு வைச்சுத் தைச்சிருக்கினம். நீ பாக்கேல்லையோ?"

அவள் கிளவுஸைப் பிடித்தபடி கதிரையில் இருந்தாள். கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். மெல்லமாகத்தான் கதைத்தாள்.

"அது பிழை இல்லையம்மா. நான் சொல்லித்தான் அப்பிடிச் செய்விச்சனான். ஏழு மாசம் காத்திருந்து எடுத்தது."

"இரண்டு பெருவிரல் ஆருக்கடி வேணும்?"

"இரண்டு கையாலையும் எறியிறவளுக்கு. எறியாத கை எதுவோ அதிலை மாத்திப் போடலாம்."

எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. விளங்கியதும் அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"நீ இடக்கையாலை எறியிறனியோ?"

"ஓம்."

"எப்ப தொடக்கம்?"

"எப்பவும்தான்."

இவள் பிறக்கும்போதே இடக்கைக்காரி. நாலு வயதில் சோற்றுக் கோப்பைக்குள் இடக்கையை வைப்பாள். அடித்துப் பார்த்தேன், சரிவரவில்லை. பிறகு சாப்பிடும் நேரத்தில் அந்தக் கையை ரிப்பனால் கதிரையோடு கட்டிவிடுவேன். சிவப்பு ரிப்பன். எங்கள் பக்கத்தில் அதை ஒருவரும் கொடுமை என்று நினைப்பதில்லை. கோயிலில் திருநீறு வாங்க, ஒருவருக்கு ஒன்றைக் கொடுக்க, சாப்பிட என்று எல்லாவற்றுக்கும் சோற்றுக்கையான வலக்கைதான். பொம்பிளைப் பிள்ளை நாளைக்கு நாலு பேருக்குப் பரிமாற வேண்டியவள். இங்கே வந்தபிறகு பள்ளிக்கூடத்து மிஸ் ஆள் வைத்துச் சொல்வித்தாள், பிள்ளையின் கையை அதன்பாட்டில் விடச் சொல்லி. நான் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வீட்டில் என்பாட்டில் செய்தேன். எட்டு வயதில் எல்லாம் வலக்கைக்கு வந்துவிட்டது. வென்றுவிட்டேன் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். முப்பது வருசமாக என் கண்ணுக்கு மறைவாக அந்தக் கை எறிந்துகொண்டே இருந்திருக்கிறது.

"அம்மா," என்றாள், "உங்களுக்கு இது இரண்டாந்தரம்."

அதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. மேசையில் கிடந்த கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவளுக்கு அந்த ரிப்பன் நினைவில் இருக்கும் என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அவளுடைய கூட்டாளி போன் எடுத்தாள். பந்து பிடிக்கிற பிரெஞ்சுக்காரி. இவள் நடந்ததைச் சொன்னாள். கூட்டாளி ஏதோ சொல்ல, இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னவாம்?"

"உன்ரை அம்மா எங்கடை கட்சியோ, மற்றக் கட்சியோ எண்டு கேக்கிறாள்."

நான் பேணியைக் கொட்டிப் பெருவிரலைத் தேடி எடுத்தேன். தோல் தைக்கிற முப்பட்டை ஊசியில் நூலைக் கோர்த்துக்கொண்டு யன்னலடியில் இருந்தேன். அவள் எதிரில் இருந்து வாரைப் பின்னிக்கொண்டு, கேட்காமலே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வலக்கையாலை அடிக்கிறவளுக்கு நான் வலக்கையாலை எறிஞ்சால், பந்து அவவின்ரை முதுகுப் பக்கத்தாலை வாறமாதிரி இருக்கும். தடுமாறுவா. இடக்கையாலை எறிஞ்சனெண்டால் முழுசாத் தெரியும், கதவைத் திறந்து வைச்சுப் பாக்கிறமாதிரி. இடக்கைக்காரிக்கு மற்றப்பக்கம். அதாலை மற்றக் கட்சி பந்து எறியிற ஆள் எந்தக் கை எண்டு பாத்துத்தான் தங்கடை ஆக்களை அனுப்பும். எனக்கெதிரா அவையாலை அப்பிடி அனுப்ப ஏலாது."

"முதலெல்லாம் என்ன செய்தனி?"

"இரண்டு கிளவுஸ் கொண்டு திரிஞ்சனான். மாத்திறதுக்கு ஓடி ஓடிப் போறதாலை நேரம் போகுதெண்டு நடுவர் மறிச்சுப்போட்டார். இப்ப ஒண்டுதான் விடுவார். ஒருத்தி அடிக்க வந்து நிண்டால் எந்தக் கையெண்டு முதலே காட்டவேணும். அவ போகுமட்டும் மாத்தேலாது."

தைத்து முடிந்தது. ஆனால் கத்தரித்த இடத்தில் ஒரு நெல்லளவு தோல் போயிருந்தது. அவள் வலக்கையை விட்டுப் பார்த்தாள். பெருவிரல் இறுக்கி இருந்தது.

"இது காணும், சமாளிப்பன். நீங்களும் வாங்கோ. பிஞ்சால் ஆர் தைக்கிறது?"

எனக்கு வராமல் இருக்க வழியில்லை. ஊசியையும் நூலையும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு காரில் ஏறினேன்.

மைதானத்தில் கம்பி வேலிக்குப் பின்னால் மர வாங்கில் ஓர் ஓரமாக இருந்தேன். மகள் நடுவில் போய் நின்றாள். முதல் வந்தவளுக்கு வலக்கையால் எறிந்தாள், அது எனக்குத் தெரிந்த கை. அடுத்தவள் மற்றப் பக்கமாக நின்றாள். மகள் கிளவுஸைக் கழற்றி மற்றக் கையில் மாட்டினாள். இடக்கை பின்னால் போய், மேலே வந்து, பந்தை விட்டது.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்தக் கை அவ்வளவு வடிவாக வேலை செய்தது. வலக்கை எறியும்போது கவனமாக எறிந்தது. இது அப்படி இல்லை, யோசியாமல் எறிந்தது. பிள்ளை மூச்சு விடுவது போல இருந்தது. இதைத்தான் நான் கதிரையோடு கட்டி வைத்தேன்.

கடைசிச் சுற்று வரும்போது எங்கள் கட்சி ஒரேயொரு ஓட்டம் கூடுதலாக இருந்தது. முதல் வந்தவள் இடக்கைக்காரி. மகள் இடக்கையால் எறிய, அவள் அடித்த பந்து நேரே மகளிடம் திரும்பிப் போனது. மகள் கிளவுஸால் பிடித்தாள், ஆள் அவுட். ஆனால் மகள் வலியில் குனிந்துவிட்டாள். என் தையல் பிரிந்து, அவளுடைய வலக்கைப் பெருவிரல் பின்னால் மடிந்துபோயிருந்தது.

நான் எப்படி எழும்பினேன் என்று தெரியாது. ஊசியைக் கையில் பிடித்தபடி வேலியடிக்குப் போய் நின்றேன். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"தா பிள்ளை, இரண்டு நிமிசத்திலை தைச்சுத் தாறன்."

"வேண்டாம் அம்மா. கிளவுஸ் கிடக்கட்டும். எனக்கு விரல்தான் போச்சு."

நடுவர் வந்து பார்த்தார். அவள் பந்தை வலக்கையில் எடுக்கப் பார்த்தாள். விழுந்துவிட்டது. இடக்கையைத் தூக்கிக் காட்டினாள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அடுத்தவளும் இடக்கைக்காரி, அவளையும் அவுட் ஆக்கினாள். இன்னும் ஒருத்தியை அவுட் ஆக்கினால் கோப்பை எங்களுக்கு. அதற்குப் பிறகு வந்தவள் வலக்கைக்காரி, தட்டிவிட்டு ஓடி முதல் மூலையில் நின்றாள். பிறகு ஒரு நெட்டையான பெண் வந்தாள். அவளும் வலக்கைக்காரி. அவள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று நான் பார்த்தேன், மகளுடைய கையைப் பார்த்தேன். காலையில் யன்னலடியில் கேட்டதெல்லாம் அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. பெருவிரல் சரியாக இருந்திருந்தால் இந்த இடத்தில் மகள் கிளவுஸை மாற்றி வலக்கையால் எறிந்திருப்பாள். இப்போது அவளுக்கு மாற்ற வழியில்லை. கதவு திறந்துதான் இருக்கிறது.

பந்து தூரத்து வேலிக்கு மேலால் மரங்களுக்குள் போனது. மூலையில் நின்றவளும் அடித்தவளும் சுற்றி ஓடி வந்து சேர, மற்றக் கட்சி வென்றுவிட்டது. மற்றக் கட்சி ஓடி வந்து கட்டிப்பிடித்தார்கள். மகள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

வீட்டுக்கு வரும்போது காரை அவளுடைய கூட்டாளிதான் ஓட்டினாள். இறங்கும்போது அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்து "பொன்சுவார், மதாம்" என்று மாலை வணக்கம் சொன்னாள். எனக்கு அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டுக் கொடுத்தேன். அவளுடைய வலக்கையைத் துணியில் ஐஸ் சுற்றி மேசையில் வைத்திருந்தோம், பெருவிரல் நீலம் பாய்ந்து வீங்கிக் கிடந்தது. கரண்டி எடுத்துத் தரட்டோ என்று கேட்க வாய் திறந்தேன். அதற்கிடையில் அவள் இடக்கையைச் சோற்றுக் கோப்பைக்குள் வைத்துவிட்டாள். நாலு விரலாலும் குழைத்து, பெருவிரலால் தள்ளி வாயில் வைத்தாள். ஒரு பருக்கை சிந்தவில்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது, பழக்கம். பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

"நல்லாத்தான் தைச்சனீங்கள்," என்றாள் சாப்பிட்டபடி. "தோல்தான் காணாமல் போச்சு."

"உள்ளுக்குப் புதுத் தோல் வைச்சுத் தைக்கவேணும். முதலே அப்பிடிச் செய்திருக்கவேணும்."

"இரண்டு பக்கமும் ஒரே அளவா வையுங்கோ."

"ஓம்."

தண்ணீர்க் கோப்பை வழக்கம்போல அவளுக்கு இடப்பக்கத்தில் இருந்தது. குழம்புக் கையால் எடுக்க முடியாமல், ஐஸ் சுற்றிய கையை அவள் குறுக்கே நீட்டினாள். நான் எழும்பிப் போய்க் கோப்பையை எடுத்து அவளுடைய வலப்பக்கத்தில் வைத்தேன்.