எல்ஸ்பெத் முறுக்காத பெயர்

எங்கள் பால்ஹாகி ஊரில் ஒருவரைக் கெடுப்பதைச் சொல்ல வார்த்தைப் பஞ்சமே இல்லை. ஆசை காட்டி இழுத்துப்போனால் ‘வைல்’. தப்பாகப் பழக்கிவிட்டால் ‘மிஸ்லியர்’. முறுக்கிக் கோணலாக்கினால் ‘த்ரா’. கோழியின் கழுத்தைத் திருகுவதும் த்ராதான், சாட்சியைத் திருகுவதும் த்ராதான். தேவாலயத்து மூப்பர் சபையின் முன் வந்து நிற்கும் பெண்கள்மேல் இவை எல்லாம் சரமாரியாக விழும். ஆண்கள்மேல் விழுந்து நான் பார்த்ததில்லை. கோயில்பிள்ளையாகக் கதவோரம் நின்றே தாடி நரைத்தவன் சொல்கிறேன்.

மருத்துவச்சி எல்ஸ்பெத் மட்ச் குள்ளம். அகலமான கை, எரிச்சலான வாய். ஊரில் பாதிப் பேரை முதன்முதலில் தொட்டது அந்தக் கைதான். புருஷன் செத்த பிறகு ஒற்றை மகன் கிப்பைத் தனியாக வளர்த்து ஆளாக்கினாள்.

கல்யாணமாகாத பெண்ணுக்கு வலி எடுத்தால் மருத்துவச்சி தகப்பன் பெயரைக் கேட்க வேண்டும். பெயர் வரும்வரை பிள்ளைத்தாய்ச்சிமேல் கை வைக்கக் கூடாது. அது சபையின் உத்தரவு. கொடுமைதான். எல்ஸ்பெத் வாயால் கேட்பாளே தவிர, கையை ஒருநாளும் நிறுத்தியதில்லை. கேட்ட பெயரை வந்து சபையில் அப்படியே சொல்வாள். அவள் சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை.

அந்தப் பனிக்காலத்தில் பெத்தையாவுக்கு வலி கண்டது. மாவு ஆலைக்காரர் சாண்டர்ஸ் வீட்டில் வேலை செய்த பெண். வயிறு தெரிந்ததும் அவர் துரத்திவிட்டார். யாரோ இடம் கொடுத்த மாட்டுக்கொட்டகை மூலையில் கிடந்தாள். மாடு ஓட்டிவந்த எவனையோ மயக்கியிருக்கிறாள் என்று ஊர் தீர்மானித்துவிட்டது. தகப்பன் பெயர் தெரியாவிட்டால் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடையாது, தாய்க்கு ஊரில் இடம் கிடையாது. பனி பாதையை அடைத்திருந்ததால் வேறு பெண்கள் யாரும் போக முடியவில்லை. எல்ஸ்பெத் மட்டும் போனாள்.

சபை கூடிய அன்று கோயில் வாசலில் பனியை அள்ளிக்கொண்டிருந்தேன். அவள் வந்தாள்.

“என்ன எல்ஸ்பெத், பேரு வந்துச்சா?”

“வந்துச்சு.”

“யாரு?”

“உனக்கு எதுக்கு? பனிய அள்ளு.”

உள்ளே போதகர் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு வழக்கம்போலக் கேட்டார். எல்ஸ்பெத் வழக்கம்போலச் சொன்னாள்.

“கிப் மட்ச். என் மகன்.”

கிப் வேலை பார்த்தது சாண்டர்ஸின் ஆலையில்தான். அவர் மகளுக்கே அவனை நிச்சயம் செய்து, கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலையை இரண்டு தடவை வாசித்தாகிவிட்டது. அந்த சாண்டர்ஸ் மூப்பர் வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார்.

அவர் கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எல்ஸ்பெத், அங்க உன்னத் தவிர யாரும் இல்ல. பேரே வரலன்னு சொல்லிட்டுப் போ. உன் பையன் நாளைக்கு ஆலைக்கே முதலாளி.”

“வந்துச்சே ஐயா.”

“அந்தச் சிறுக்கிதான் ஆசை காட்டி அவன இழுத்துட்டுப் போயிருக்கா.”

“இழுத்துட்டுப் போக அவன் என்ன கன்னுக்குட்டியா?”

“வலியில கெடக்குறவ எதையும் உளறுவா. அதப் போயி ஒரு சாட்சின்னு...”

எல்ஸ்பெத் மேசைக்குப் பக்கத்தில் போனாள். “இத்தன வருஷமா அந்த வலியிலேருந்துதான் ஐயா உங்களுக்குப் பேரு கொண்டாந்து குடுத்தேன். ஒரு தடவகூட நீங்க இப்படிச் சொன்னதில்ல. அப்ப அந்தப் பேரு எல்லாத்தையும் இன்னிக்கே அடிச்சிருவோமா?”

போதகர் மெதுவாகச் சொன்னார். “யோசிச்சுச் சொல்லும்மா. உன் பிள்ளை.”

“வழியெல்லாம் அதத்தான் யோசிச்சுட்டு வந்தேன். அவ என் மகன் பேரச் சொன்னதும் என் கை நின்னுபோச்சு ஐயா. என்னிக்குமே நின்னதில்ல. அவ என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே கெடந்தா. அப்புறம்தான் வேலையப் பாத்தேன். எழுதுங்க.”

போதகர் எழுதினார். பெரிய பெரிய பண்ணைக்காரர்கள் வேதத்தின்மேல் கை வைத்துப் பொய் சொன்ன அறை அது. அங்கே இப்படி ஒருத்தி நிற்பாள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அவள் வெளியே போகும்போது எனக்கு நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

கல்யாணம் நின்றது. கிப்புக்கு வேலை போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டனையாக, ஊர் பார்க்கக் கோயில் நடுவே உயர்ந்த முக்காலியில் அவனையும் பெத்தையாவையும் ஏற்றி நிறுத்தினார்கள். செய்ததை ஒப்புக்கொண்டான். ஆனால் தாயோடு பேசவில்லை. கொல்லன் பட்டறையில் போய்ப் படுத்துக்கொண்டான். எல்ஸ்பெத் தினமும் ஓட்ஸ் கஞ்சி கொண்டுபோய் அந்த வாசலில் வைப்பாள். கொல்லனின் நாய்தான் கொழுத்தது.

“மகனவிட அந்தச் சிறுக்கி பெருசா உனக்கு?” என்று கிணற்றடியில் ஒருத்தி கேட்டாளாம். எல்ஸ்பெத் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள்.

பனி உருகியபின் ஞானஸ்நானம் வந்தது. தகப்பன்தான் பிள்ளையைத் தூக்கிப்பிடித்துப் பெயர் சொல்ல வேண்டும். பிறந்தது பெண். முதல் பெண்ணுக்குத் தாய்வழிப் பாட்டியின் பெயர் வைப்பது எங்கள் வழக்கம். பெத்தையாவின் அம்மா பெயர் இசபெல். அதனால் அதைக் கேட்க யாரும் காதைத் தீட்டவில்லை. நான் தண்ணீர்க் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றேன்.

“பிள்ளைக்கு என்ன பேர்?” என்றார் போதகர்.

கிப் தொண்டைக்குள்ளேயே ஏதோ சொன்னான். போதகருக்குக் கேட்கவில்லை, மறுபடி கேட்டார். கிப் பிள்ளையை இன்னும் உயரத் தூக்கினான். போதகரைப் பார்க்காமல், கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த தாயைப் பார்த்தான்.

“எல்ஸ்பெத்” என்றான், கோயில் முழுக்கக் கேட்கும்படி.