மாஸ்டரின் மூக்கில் அடித்த மருந்து

கனடாவின் மேற்குக் கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் மத்தியானச் சாப்பாடு பரிமாறுகிறேன். காலையில் ஏப்ரன் கட்டியதும் முதலில் பார்ப்பது சூப்பை அல்ல. தீயணைப்புக் கருவிக்குப் பக்கத்தில் தொங்கும் பெட்டிக்குள் மூக்கு மருந்து இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். ஃபென்டனில் என்ற போதைமருந்து கலந்த மாத்திரையை விழுங்கி ஒரு பிள்ளை மூச்சடங்கி விழுந்தால் அந்த நலோக்சோனை மூக்குக்குள் அடிக்க வேண்டும். எங்கள் பள்ளி மாவட்டம் அதிபரிலிருந்து கூட்டுகிறவர் வரை எல்லோருக்கும் இதைப் பழக்கி, கையில் இரண்டு மருந்து வைத்த ஒரு பொட்டலமும் தந்திருக்கிறது. பழக்க வந்த லின்டாவிடம், பிள்ளை எழும்பியதும் பள்ளியை விட்டு நிறுத்தும் கடிதத்தை யார் கொடுப்பது என்று கேட்டேன். எனக்கு ஆங்கிலம் விளங்கவில்லை என்று அவள் நினைத்துவிட்டாள். "முதலில் ஆம்புலன்ஸ், பிறகு போர்வை, பிறகு பக்கத்தில் இருப்பது" என்று சத்தமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். நான் கடிதத்தைக் கேட்கிறேன், அவள் போர்வையைச் சொல்கிறாள். இருவரும் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் பிரிந்தோம்.

கடிதம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். சுன்னாகத்துக்குக் கிட்ட நான் படித்த மிஷன் பள்ளியில், என் வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தவளை ஒரு காதல் கடிதத்துக்காகப் பள்ளியை விட்டு நிறுத்தி விடுகைப் பத்திரம் கொடுத்தார்கள். அடுத்தநாள் காலைப் பிரார்த்தனையில் அவளைத் தவிர மற்ற எல்லோருக்காகவும் ஜெபித்தோம். இது எவ்வளவு விசர்த்தனம் என்று அப்போது எவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

இந்த வருடம் ஊருக்குப் போனபோது, அந்தப் பள்ளிக்கு இப்போது அதிபராக இருக்கும் என் வகுப்புத் தோழி ரஞ்சினி, மூக்கு மருந்தைப் பற்றி ஆசிரியர்களுக்குச் சொல்ல வா என்று கூப்பிட்டாள். வெளிநாட்டிலிருந்து வந்தவளை மேடையும் பொன்னாடையும் இல்லாமல் திருப்பி அனுப்பினால் யாழ்ப்பாணத்துக்கே அவமானம். வாசலில் என் பெயருக்கு முன்னால் 'போதைத் தடுப்பு நிபுணர்' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். அதை வாசித்ததும் என் அகப்பையை நினைத்துச் சிரிப்பு வந்தது. ஆனால் கழற்றச் சொல்ல மனம் வரவில்லை, உள்ளுக்குள் பெருமை, புளுகம்தான்.

அதிபரின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்த விடுகைப் பத்திரத்தைக் கண்டதும் அந்தப் புளுகம் பாதியாகிவிட்டது.

"உயர்தர வகுப்பிலை படிக்கிறவள். போதைக்கு எடுக்கிற வலிமாத்திரையோடை பிடிபட்டிட்டாள். தாய் பத்து மணிக்கு வாறா" என்றாள் ரஞ்சினி.

"நிப்பாட்டினால் அவள் எங்கை போவாள்?"

"எனக்குப் பள்ளிக்கூடத்தின்ரை பேர் முக்கியம். நீ விசாவிலை வந்தனி, போயிடுவாய்."

அப்படிச் சொல்லிவிட்டு என்னைக் கூட்டிப்போனாள். ஆசிரியர் அறையில் கீர்த்தனை பாடி, பொன்னாடை போர்த்தி, என்னைத் தொடங்கச் சொன்னார்கள். கனடாவில் பழகுவதற்கு ரப்பர்ப் பொம்மை உண்டு, இங்கே இல்லை. நூறு கிலோவுக்குக் குறையாத உப அதிபர் ஜெயசீலன் மாஸ்டர், தானே பொம்மையாகிறேன் என்று மேசையில் ஏறிப் படுத்தார். கண்ணை மூடி, கையைத் தொங்கவிட்டு, அவர் செத்துக் கிடந்த அழகே தனி. ஆசிரியர்கள் சுற்றி நின்றார்கள். நிபுணருக்குத் தலை சுற்றிவிட்டது. கொண்டுபோன பொட்டலத்தில் ஒன்றை எடுத்து, பொன்னாடையோடு குனிந்து அவர் மூக்கில் வைத்து, அமுக்குவதுபோல் காட்ட வேண்டியதை உண்மையாகவே அமுக்கிவிட்டேன். நல்லவேளை, போதை எடுக்காதவர்களை அது ஒன்றும் செய்யாது.

அந்த நேரம் பார்த்துத்தான் அந்தப் பிள்ளையின் தாய் வாசலுக்கு வந்தார். சந்தையில் வெங்காயம் விற்பவர், வேலைச் சேலையோடு அப்படியே வந்திருந்தார். மேசையில் மாஸ்டர், சுற்றி மௌனமாக ஆசிரியர்கள். தாய் நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒப்பாரியே தொடங்கிவிட்டார்.

"ஐயோ மாஸ்டர், என்ரை பிள்ளையின்ரை கவலையிலையோ போனியள்?"

மூக்குக்குள் மருந்து இறங்கிய மாஸ்டர் அறை அதிரத் தும்மிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். "நான் சாகேல்லை அம்மா, உது மருந்து" என்றார்.

அதற்குப் பிறகு அந்த அறையில் எவருடைய சிரிப்புக்கும் கட்டுப்பாடு இல்லை. ரஞ்சினி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். தாயும் சிரித்தார். எங்கள் சிரிப்பு ஓய்ந்த பிறகும் அவருடைய உடம்பு குலுங்கியது. அப்போதுதான் அவர் அழுகிறார் என்று தெரிந்தது. என் கையைப் பிடித்தார்.

"எனக்கும் உதிலை ஒண்டு தாங்கோ அக்கா. அவள் படுத்தால் மூச்சு வருதோ எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறன். நிப்பாட்டிற கடிதத்தைப் பிறகு வாங்கிறன்."

பொட்டலத்தில் மிஞ்சியிருந்த ஒன்றை அவருக்குக் கொடுத்தேன். இது பழக்கத்தை மாற்றாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்வரை மூச்சைத்தான் காப்பாற்றும் என்று இரண்டுதரம் சொன்னேன். ரஞ்சினி போய் அந்தப் பத்திரத்தை எடுத்து வந்து, எங்கள் முன்னாலேயே நாலாகக் கிழித்தாள்.

"திங்கக்கிழமை அவளை வரச் சொல்லுங்கோ. பழக்கத்தை மாத்த ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வாறன்" என்றாள்.

எனக்கு அவளைக் கட்டிப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது, பிடித்தேன்.

கனடாவுக்குத் திரும்பி வந்ததும் புது மருந்து கேட்டு லின்டாவிடம் போனேன். அதற்கு ஒரு படிவம் உண்டு.

"எங்கள் மாவட்டத்துப் பிள்ளைக்கா கொடுத்தாய்?" என்று கேட்டாள்.

தலையாட்டினேன், "ஓம்" என்று என் வாயில் தமிழிலேயே வந்தது. பள்ளியின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் சுன்னாகத்துப் பள்ளியின் பெயரைத் தெளிவாக எழுதினேன். லின்டா கணினியில் பட்டியலை மேலிருந்து கீழ்வரை தேடினாள், பிறகு கீழிருந்து மேலே போனாள்.

"இங்கே இல்லையே" என்றாள்.

"இருக்க வேண்டும், இன்னொருதரம் பார்" என்றேன்.