வெடிக்காத செல்

திருப்புலிவனத்து விவசாயி பஞ்சாட்சரத்தின் மகள் சுலோச்சனா, சென்னையில் லித்தியம் பேட்டரி ஆராய்ச்சியில் இருந்தாள். கனமே இல்லாத பேட்டரி, சக்தியோ அபாரம். ஆனால் திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகம் ஊசி ஊசியாக முளைத்து எதிர்த்தகட்டைத் தொட்டுவிடும். தொட்டால் தீதான். ஒருமுறை அவள் புருவமே பொசுங்கிப்போனது.

உமியை அமிலத்தோடு காய்ச்சி வடிக்கும் எண்ணெயிலிருந்து ஒரு திரவம் செய்து, செல்லுக்குள் சில சொட்டு விட்டால் ஊசி அடங்குமோ என்று அவளுக்கு ஒரு யோசனை. ஊர் ரைஸ்மில் உமி மூட்டை மூட்டையாக பஸ் கூரையேறிச் சென்னைக்குப் போனது. 1986 வைகாசியில் புதுச் செல்களைச் சார்ஜில் போட்டு, தோழி வசந்தகுமாரியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஊருக்கு வந்தாள். கல்யாணம் அவளுக்குத்தான்.

கூறைப்புடவை கட்டிக்கொண்டு வெளியே வந்த நேரம், மில் முதலாளி கிருஷ்ணசாமி பந்தலுக்குள் ஓடிவந்தார்.

"சுலோச்சனா! மெட்ராஸ்லேர்ந்து போனு! அந்தப் பொண்ணு அழுவுதா சிரிக்குதான்னே தெரில!"

சுலோச்சனா கொசுவத்தை அள்ளிப் பிடித்துக்கொண்டு மில்லை நோக்கித் தெருவில் ஓடினாள். அவளைத் துரத்திக்கொண்டு அப்பா. மணையிலிருந்து குதித்தெழுந்து மாலையோடு மாப்பிள்ளை துரைராஜ். எங்கோ ஊர்வலம் கிளம்பிவிட்டது என்று நினைத்து, வாசித்துக்கொண்டே நாயனக்காரர்.

"வசந்தா, வெடிச்சிடுச்சா?"

"வெடிக்கலடி! ஒரு செல் இன்னமும் ஓடிக்கினே கீது! இன்னொண்ணைப் பிரிச்சே பாத்துட்டேன். ஊசியே இல்ல, தகடு மெத்துனு கீது!"

சுலோச்சனா ரிசீவரோடு ஒரு குதி குதித்தாள். நெற்றிச்சுட்டி மூக்குக்கு வந்துவிட்டது.

"இன்னாம்மா ஆச்சு?" அப்பாவுக்கு மூச்சு வாங்கியது.

"வெடிக்கலப்பா!"

"வெடிக்காததுக்கா இந்த ஓட்டம்?"

"மாமா, இருங்க," என்றான் துரைராஜ். "நீ சொல்லு. இன்னா வெடிக்கல?"

அவள் ஒரு பிடி உமியை அள்ளிக்கொண்டு ஆரம்பித்தாள். ஊசி, தகடு, சொட்டு என்று வார்த்தைகள் முட்டிமோதி வந்தன. பாதி புரிந்தும் புரியாமலும் அவன் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

"முகூர்த்தம் போய்க்கினே கீதும்மா!" என்று ஐயர் மில்வாசலில் வந்து கத்தினார். எல்லாரும் திரும்ப ஓடினார்கள். தாலி கட்டும்போது இருவருக்குமே இரைத்தது.

ஓடிக்கொண்டிருந்த அந்தச் செல் ஆடி முடிவில்தான் அடங்கியது. தீயில்லை, புகையில்லை, சும்மா ஓய்ந்துபோனது. அன்று ஆராய்ச்சிக்கூடம் முழுக்க லட்டு கொடுத்தவன் துரைராஜ்.