நூல்கண்டு எறிந்து கூப்பிட்ட கடை

என் அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதற்கு அவள் கைகளை அடக்கினார்கள். இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரம் ஆறவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறி, திருவண்ணாமலையில் ஒரு பேச்சுப் பயிற்சி மையத்துக்கு நாங்கள் இருவரும் போவோம். கண்ணாடி முன் உட்காரவைத்து, உதட்டுக்கு எதிரே காகிதத் துண்டைப் பிடித்து, 'ப' சொல்லச் சொல்வார்கள். காகிதம் ஆடினால் சபாஷ். கை ஆடினால் ஸ்கேலால் அடி. "கை பேசினா வாய் வராதும்மா" என்பார் டீச்சர். வீட்டில் எங்களுக்குள் இருந்த கைப்பேச்சு, அந்தச் சண்டை, கிண்டல், பசி, மழை எல்லாமே அங்கே குற்றம். ஆனாலும் உதடு படிக்கக் கற்றுக்கொண்டாள். எதிர்வீட்டு மாடியில் யார் யாரைத் திட்டினாலும் எனக்குச் சொல்லிவிடுவாள், கையால்தான்.

தையலும் கற்றுக்கொடுத்து, செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்களுக்குத் துணிப்பை தைக்கும் கடையில் சேர்த்துவிட்டார்கள். முதலாளி அவளைக் கூப்பிட நூல்கண்டை எறிவார். முதுகில் படும், தோளில் படும், ஒருநாள் திரும்பும்போது புருவத்தில் பட்டது. தொட்டுக் கூப்பிட இரண்டடி நடக்கவேண்டுமே! மையத்துக்காரர்கள் வந்தால் சொல்லி, வேறு இடம் கேட்கலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

வந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று ஆய்வாம். படிவத்தோடு ஒரு மேடம். அக்காவின் கைப்பேச்சை எடுத்துச் சொல்ல என்னை வரச்சொல்லியிருந்தார்கள். அக்காவை அவர் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார். முதலாளி பக்கத்திலேயே நின்றார்.

"வேலை புடிச்சிருக்கான்னு கேளுங்க தம்பி."

கேட்டேன். அக்காவின் கைகள் பாய்ந்தன. எறிவதைக் காட்டினாள். புருவத்தைக் காட்டினாள். வேண்டாம், வேண்டாம், வேறு இடம்.

"என்ன சொல்றாங்க?"

"சொல்லேம்பா," முதலாளி சிரித்தார். "இவ வந்ததுலேர்ந்து கடையில வேலை ஜாஸ்தி, வம்பு கம்மி."

காலையில் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்: "இத வுட்டா வேற எவன்டா வேலை குடுப்பான்? வாய வெச்சிக்கினு சும்மா இரு." சும்மா இருந்திருந்தாலாவது பரவாயில்லை.

"புடிச்சிருக்குதாம்ங்க. சந்தோஷமா இருக்காங்களாம்" என்றேன்.

மேடத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். அக்கா என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிஷின் மேலிருந்த நூல்கண்டு என் நெஞ்சில் வந்து அடித்தது. பின்னாலேயே அவள் குரல், கரகரப்பாக, முழுசாக: "பொய்!"

மேடத்தின் முகம் மலர்ந்தது. "அட, எவ்ளோ தெளிவா பேசுறாங்க!" பேச்சு என்ற கட்டத்தில் 'நன்று' என்று எழுதினார். வேலை என்ற கட்டத்தில் 'திருப்தி'. எழுதியது அவர், எழுதவைத்தவன் நான்.

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கி நடந்தாள். அந்தக் கடைக்கு அவள் திரும்பவே இல்லை. நான் பின்னால் ஓடினேன், "அக்கா! அக்கா!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு. தொட்டு நிறுத்த இரண்டடிதான் பாக்கி. அதை நான் நடக்கவில்லை.