ஐப்பசியில் என்ன புழுக்கம்

இரண்டாவது முறை நாள் தள்ளியபோது என் வீட்டுக்காரரிடம் மட்டும்தான் சொன்னேன். முதல் கரு முந்தின வருடம் இரண்டாம் மாதத்திலேயே கலைந்துபோனதால், மாமியாரிடம்கூடச் சொல்ல வாய் வரவில்லை.

சொன்ன அன்றே இவர் பாயைச் சுருட்டிக்கொண்டு மாடி அறைக்குப் போய்விட்டார். கேட்டதற்கு, "கீழ ஒரே புழுக்கமா இருக்குட்டி" என்றார். சேரன்மகாதேவியில் ஐப்பசி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. யாருக்குப் புழுங்கும்? மாமியார் ஏதோ சண்டை என்று நினைத்து, "ரெண்டு பேரும் ஏன் மூஞ்சியத் தூக்கிட்டு அலையுதிய?" என்று கேட்டார். அவர் தின்னக் கொடுத்த எள்ளுருண்டையை, உடம்புக்குச் சூடு, வேண்டாம் என்று நான் சொன்னதும், நான் உண்டாகியிருப்பது அவருக்கே விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு பப்பாளியும் அன்னாசியும் எங்கள் வாசலைத் தாண்டவில்லை.

வாந்தி, அசதி, காப்பி வாசனை ஆகாது, அதெல்லாம் போகட்டும். எனக்கு இவர் பக்கத்தில் வேண்டியிருந்தது. ஆசையும் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே இருந்தது. பிள்ளை உண்டானதும் பெண்டாட்டி வேண்டாதவளாகிவிட்டாளா என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். இவர் வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டார். டாக்டரம்மா சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, நிறையத் தண்ணீர் குடி, மத்தியானம் கொஞ்சம் படு, தண்ணிக்குடம் தூக்காதே என்றார். எழுந்தவள் மறுபடி உட்கார்ந்து, வெட்கத்தை விட்டுக் கேட்டேன். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து இருக்கலாமா?

"ரத்தப்போக்கு இல்ல, வயித்துவலியும் இல்லன்னு சொல்லுத. உனக்கு இஷ்டம்னா பயப்படாம இருக்கலாம். இஷ்டமில்லாட்டி வேண்டாம். ரத்தம் பட்டா மட்டும் நிறுத்திட்டு உடனே இங்கன வந்திரணும்."

"அப்பம் முந்தின கரு ஏன் கலைஞ்சுது?"

"கரு சரியா உருவாகலன்னா பெரும்பாலும் அதுவா கலைஞ்சிரும். நீங்க சேர்ந்து இருந்ததுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

இவரை உள்ளே கூப்பிட்டு, அதையே இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். இவர் நின்றபடியே கேட்டார். பிறகு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "அப்பம் அந்தப் பிள்ள என்னால போகலையா டாக்டர்?" என்றார்.

"இல்ல" என்றார் டாக்டரம்மா.

இவர் ஸ்டூலில் உட்கார்ந்து, கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்தப் பிள்ளையைப் பறிகொடுத்தவள் நான் ஒருத்திதான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.